இருட்டில் பிரித்த பெட்டி

அத்தியாயம் 4

"பதினெட்டாயிரத்து முந்நூற்று நாற்பது" என்றார் அந்த அம்மா. "என் வீட்டுக்காரர் எனக்குத் தர வேண்டிய கடன். இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள என் கையில இருக்கணும்."

டிக்கெட் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று ஐம்பது.

"வீட்டுக்காரர் கடன்னா வீட்டுலதானே வசூல் பண்ணணும்?" என்றேன் நான்.

"அவரைத் தலைகீழாத் தொங்கவிட்டு உலுக்காத குறை. ரெண்டு பட்டனும் ஒரு சீப்பும்தான் தேறும்."

எங்கள் துப்பறியும் ஆபீஸ் சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. மேஜை ஒன்று, நாற்காலி மூன்று. அதில் சாய்மானம் உள்ளது என்னுடையது. இருபத்தாறு வருஷம் பார்சல் கிடங்கில் மூட்டை தூக்கி இடுப்பைத் தேய்த்துக்கொண்டவன் நான். அதனால் ஊரே என்னை மூட்டை என்றுதான் கூப்பிடும். அக்காவோ ரயிலில் இருபத்திரண்டு வருஷம் டிக்கெட் பரிசோதித்தவர். டிக்கெட் இல்லாதவன் முதலில் எந்தப் பையில் கை விடுவான், எவ்வளவு நேரம் துழாவுவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பொய் சொல்கிறவனும் அப்படித்தான் துழாவுவான் என்பார்.

வந்திருந்தவர் தையல்காரர். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து ஓடி வந்திருந்தார். பள்ளிக்கூடச் சீருடை நூற்றிருபது தைக்கிற ஆர்டர் அவருக்கு வந்திருக்கிறது. ஓரம் அடிக்க ஓவர்லாக் மெஷின் வேண்டும். கைமாறி வந்த மெஷின் ஒன்றைக் கடையில் பேசி வைத்திருக்கிறார். கடைக்காரர் இன்று ஐந்து மணி வரைதான் பொறுப்பார். அதற்கு மேல் மெஷின் வேறு ஆளுக்கு, ஆர்டர் எதிர்க்கடைக்கு.

"அதுக்குச் சேர்த்து வச்ச காசை ரெண்டு மாசம் முன்னாடி இவர் வாங்கினார். சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமாத் தர்றேன்னார். சரின்னேன். ஆர்டர் இப்படித் திடீர்னு வந்து நிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"காசை வாங்கி என்ன பண்ணார்?"

"போன்ல பார்த்துப் பழைய என்லார்ஜர் வாங்கினார். பிலிம்ல இருக்கற குட்டிப் படத்தைப் பெருசாக்கித் தாள்ல போடற சாமான். தெருவிளக்கைப் பிடுங்கிப் பலகையில நட்ட மாதிரி இருக்கும். அதுக்குக் கண்ணு மாதிரி ஒரு லென்ஸ் வேணும். பெட்டி வந்துச்சு, கண்ணு வரலை."

"வித்தவர்?"

"ஒரு ஸ்டுடியோக்காரர். லென்ஸ் வச்சேன்னு சத்தியம் பண்றார். இவர் கோபத்துல அன்னிக்கே பெட்டியை மூடித் திருப்பி அனுப்பினார். அவர் வாங்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டார். பெட்டி மறுபடி எங்க வீட்டுக்கு வந்துச்சு. வாங்கினா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரின்னு இவரும் எழுதிக் கொடுத்துட்டார். இப்ப அது பார்சல் கிடங்குல கிடக்குது. ஸ்டுடியோக்காரர் காசைத் திருப்பினா இவர் எனக்குத் திருப்புவார். அவரைப் பிடிச்சு உண்மையைக் கக்க வையுங்க அக்கா."

இரண்டு பார்சல் சீட்டுகளை மேஜையில் வைத்தார். அக்கா ஒன்றை எடுத்தார், மற்றொன்றை என் பக்கம் தள்ளினார்.

"மூட்டை, எடை என்ன போட்டிருக்கு?"

"பதினாறு கிலோ நானூறு."

"இதுலயும் பதினாறு கிலோ நானூறு. வரும்போதும் அதே, திருப்பி அனுப்பும்போதும் அதே." அக்காவின் புருவம் ஏறியது. "பெட்டியிலிருந்து எதுவும் வெளியே போகலை. அப்ப ரெண்டுல ஒண்ணு. ஸ்டுடியோக்காரர் லென்ஸே வைக்கலை. இல்லேன்னா..."

"இல்லேன்னா?"

"லென்ஸ் சுற்றுலா போயிட்டுத் திரும்பியிருக்கு."

தையலம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் சட்டையை மாட்டினேன்.

*

தையலம்மாவின் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை; அந்த எக்ஸ்ரேக்காரர் காலை முறை முடித்து வீட்டில் இருந்தார். ஒல்லியான மனிதர். மூக்கின் மேல் பிறை மாதிரி ஒரு தழும்பு. எங்களை நேராகக் குளியலறைக்கு அழைத்துப்போனார்.

"முதல்ல உட்காரச் சொல்லுவாங்கன்னு நினைச்சேன்" என்றேன்.

"இதுதாங்க என் இருட்டறை" என்றார் பெருமையாக. ஜன்னலில் கறுப்பு அட்டை. விளக்கு மாட்டும் இடத்தில் சிவப்பு பல்பு. வாளிக்கு மேல் பலகை போட்டு, அதன் மேல் மூன்று பிளாஸ்டிக் தட்டுகள் காலியாகக் காத்திருந்தன. கதவைச் சாத்தி விளக்கைப் போட்டார். நால்வரும் தக்காளி நிறத்தில் நின்றோம்.

"பெட்டியை எங்க பிரிச்சீங்க?" என்றார் அக்கா.

"இங்கேதான். இந்த வெளிச்சத்துலதான்."

"கூடத்துல பிரிச்சா என்னவாம்?" என்றார் தையலம்மா.

எக்ஸ்ரேக்காரர் அதிர்ந்து போனார். "பெட்டி மேல 'உள்ளே போட்டோ பேப்பர் உள்ளது'ன்னு கொட்டை எழுத்துல சிவப்புல எழுதியிருந்துது. அதைக் கூடத்துல வச்சுப் படிச்சேன். படிச்ச பிறகு சாதா வெளிச்சத்துல எப்படித் திறப்பேன்? சிவப்பு வெளிச்சம் ஒண்ணுதான் பேப்பரைக் கெடுக்காது. பதினெட்டு வருஷம் பிலிம் கழுவினவன் நான். வெளிச்சம் பட்டுப் பேப்பர் கெட்டா, நான்தான் கெடுத்தேன்னு அந்த ஆள் சொல்ல மாட்டாரா?"

"பெட்டியை எப்படிக் கட்டியிருந்தார்?" என்று நான் கேட்டேன். அது என் தொழில். கேட்காமல் இருக்க முடியாது.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்த ஸ்டுடியோக்காரரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. தூண் தனி, விளக்குத் தலை தனி, பலகை அடியில் தட்டையாக. விளக்குக்குக் கீழே வருகிற தடித்த கண்ணாடி வில்லை இரண்டையும் வெளியே எடுத்துத் துணி சுற்றித் தனி டப்பாவில் வைத்திருக்கிறார். பல்பு தனி. போட்டோ பேப்பர் கறுப்பு உறைக்குள். தட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று, நடுவில் அட்டை. பெட்டிக்குள் பெட்டி, இடைவெளியில் பஞ்சு. நான்கு மூலைகளிலும் இறுக்கமாக வெள்ளைத் தாள் உருண்டைகள். கிடங்கில் நாங்கள் தலைக்கு மேலிருந்து போட்டிருந்தாலும் அது 'ஏன்?' என்றுகூடக் கேட்டிருக்காது.

"இவ்வளவு ஒழுங்காக் கட்டின மனுஷன் லென்ஸை மட்டும் மறப்பானா அக்கா?"

"மறக்கலை, திருடினார்!" என்றார் எக்ஸ்ரேக்காரர். "ஒவ்வொரு சாமானா எடுத்துப் பார்த்தேன், எடுத்த இடத்துலயே வச்சேன். மூணு தடவை."

"தாள் உருண்டைகளை?"

"அது ஏன்? மூலைக்கு முட்டுக் கொடுத்த வெத்துத் தாள். ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. அதைக் கலைச்சா சாமான் ஆடும். மேலே ஒரு வெள்ளைத் தாள் இருந்துது. அதுலயும் ஒண்ணுமில்லை. அந்தத் தாள்லயே என் பேனாவால நாலு வார்த்தை நறுக்குன்னு எழுதி, உள்ளேயே போட்டு, ஒட்டி, திருப்பிட்டேன்."

"மூக்குல என்ன?"

அவர் கை தானாக மூக்குக்குப் போனது. "தூணுக்குள்ள ஒரு ஸ்ப்ரிங். தலையோட கனத்தைத் தாங்கறதுக்கு. அதைக் கயிறு போட்டுக் கட்டி, ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு வேற ஒட்டியிருந்தார். கயிறை அவிழ்த்தேன். பாய்ஞ்சு வந்து அடிச்சுது. அந்தச் சீட்டுல 'ஜாக்கிரதை'ன்னு ஒரு வார்த்தை எழுதக் கூடாதா? வெறும் சீட்டை ஒட்டி வச்சிருக்கார், அழகுக்கு!"

"உங்களையே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தீங்களா?" என்றேன்.

"ரெண்டு கோணத்துல" என்றார், சோகமாக.

தையலம்மா சிரிப்பை அடக்கத் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தழும்பையே, செல்லாத டிக்கெட்டைப் பார்ப்பது போல, உற்றுப் பார்த்தார்.

"இந்த மூக்குதான், மூட்டை, நமக்குச் சாட்சி. கிளம்பு."

*

ஸ்டுடியோவில் மணி இரண்டு ஐம்பத்தைந்து. வாசலில் மணல், உள்ளே சிமென்ட் மூட்டை. பழைய இருட்டறையை இடித்துத் தன் மனைவிக்கு இரண்டாவது குளியலறை கட்டிக்கொண்டிருந்தார் ஸ்டுடியோக்காரர். பருத்த உடம்பு, இன்னும் பருத்த குரல்.

"ஒருத்தர் குளியலறையை இருட்டறை ஆக்கறார், இவர் இருட்டறையைக் குளியலறை ஆக்கறார். வீட்டை மாத்திக்கிட்டிருந்தாப் பெட்டியே தேவைப்பட்டிருக்காது" என்றேன்.

எக்ஸ்ரேக்காரரைப் பார்த்ததும் அவர் குரல் எகிறியது. "வந்துட்டாரா மகாராசா! நாற்பது வருஷமாக் கடை வச்சிருக்கேன், என்னைத் திருடன்னு ஊர் பூரா போன்ல எழுதிப் போட்டிருக்கார் அம்மா!"

"லென்ஸ் எங்கய்யா?" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"உன் கண்ணு எங்கய்யா? தாள்ல சுத்தி, மேலே எழுதி, எழுத்து தெரியற மாதிரி மூலையில வச்சேன். மொத்தத்துக்கும் பட்டியல் எழுதி மேலே வச்சேன். ஸ்ப்ரிங்குல 'அவிழ்க்காதே'ன்னு சீட்டு ஒட்டினேன். சொன்னதுக்கு மேலயும் போட்டுக் கொடுத்தேன். படிக்க மாட்டேன்னு இருக்கறவனுக்கு நான் என்ன பண்றது?"

"பொய்! அவ்வளவும் வெத்துத் தாள்!"

இருவரும் மூக்குக்கு மூக்கு நின்றார்கள். அக்கா என் காதருகே குனிந்தார்.

"ரெண்டு பேரும் எந்தப் பையிலயும் துழாவலை பார்த்தியா? ரெண்டு பேர்கிட்டயும் டிக்கெட் இருக்கு."

"ரெண்டு பேரும் உண்மை சொன்னா நமக்கு எங்கக்கா பிழைப்பு?"

அக்கா ஸ்டுடியோவைச் சுற்றி வந்தார். மேஜை மேல் ரசீதுப் புத்தகம், சிவப்பு எழுத்து. சுவரில் வேலைக்காரர்களின் கணக்கு, சிவப்பு. ஒரு கல்யாணப் படத்தின் மேல் எந்தப் பகுதியை வெட்டுவது என்று கோடு, அதுவும் சிவப்பு. மாப்பிள்ளையின் மாமா பாவம், கோட்டுக்கு வெளியே. ஸ்டுடியோக்காரரின் சட்டைப்பையில் மூன்று பேனா. மூன்றுக்கும் சிவப்பு மூடி.

"உங்ககிட்ட வேற நிறத்துல பேனாவே கிடையாதா?"

"கிடையாது. படத்துல குறி போடறவன் கை அது. சிவப்புதான் பளிச்சுனு தெரியும்."

"இந்த வெள்ளைத் தாள்ல உங்க பேரை எழுதிக் கொடுங்க. அப்படியே, சிவப்பு பல்பு ஏதாவது மிச்சம் இருக்கா?"

ஒன்றே ஒன்று இருந்தது, பாதி இடித்த அந்த அறையிலேயே. எங்கள் ஐந்து பேரையும் உள்ளே அடைத்துக் கதவைச் சாத்தினார் அக்கா. சிமென்ட் மூட்டை மேல் நான் உட்கார்ந்தேன். ஸ்டுடியோக்காரரின் தொப்பை எக்ஸ்ரேக்காரரைச் சுவரோடு ஒட்டியது. சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா அந்தத் தாளை விரித்துப் பிடித்தார்.

வெத்துத் தாள்.

அக்கா கதவைத் திறந்தார். வெளிச்சம் பட்டதும் ஸ்டுடியோக்காரரின் பெயர் கொட்டை எழுத்தில் வந்து நின்றது. சாத்தினார், போனது. திறந்தார், வந்தது. மூன்றாவது தடவை தையலம்மா கை தட்டியே விட்டார்.

"சிவப்பு வெளிச்சத்துல வெள்ளைத் தாளும் சிவப்பு, மையும் சிவப்பு" என்றார் அக்கா. "ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். அட்டைப்பெட்டி மேல எழுதினதை இவர் கூடத்துல படிச்சார், தெரிஞ்சுது. உள்ளே எழுதினதெல்லாம் அந்தக் குளியலறையிலதான் பார்த்தார். 'அவிழ்க்காதே'ங்கறது கண்ணுல படலை, மூக்குல பட்டுது."

"கறுப்பு உறைக்குள்ள இருக்கற பேப்பருக்குப் பெட்டியையே இருட்டுல பிரிக்கற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்!" என்று ஸ்டுடியோக்காரர் கத்தினார்.

"இருட்டறை சாமானுக்குச் சிவப்புல சீட்டு எழுதற ஆளை நானும் இப்பத்தான் பார்க்கறேன்" என்றார் அக்கா.

ஸ்டுடியோக்காரர் நாற்பது வருஷம் அந்த வெளிச்சத்தில் நின்றவர். மெதுவாக மூன்று பேனாவையும் எடுத்து, பார்த்து, கால்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார். "வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அம்மா" என்றார், குரலில் பருமனே இல்லாமல்.

எக்ஸ்ரேக்காரருக்கு முகமெல்லாம் பல். "அப்ப லென்ஸ் பெட்டிக்குள்ளயே இருக்கு!"

தையலம்மாவின் முகம்தான் சுருங்கியது. "அக்கா, ஒரு நிமிஷம். லென்ஸ் இருக்குன்னா ஸ்டுடியோக்காரர் யோக்கியர். யோக்கியர்னா காசு திருப்பித் தர வேண்டாம். அப்ப என் மெஷின்?"

கழுத்து நாடாவை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எனக்கா துப்பறியறீங்க, என் வீட்டுக்காரருக்கா?"

இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பாரம் என் மேல் விழுந்திருக்கிறது. இந்தக் கேள்வி அளவுக்கு எதுவும் கனக்கவில்லை. கையிலிருந்த பார்சல் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் நான். தாண்டிப் படிக்கத் தெரியாது. அச்சடித்தது எவ்வளவு பொடியாக இருந்தாலும் ஒவ்வொன்றாகப் போய்த்தான் ஆக வேண்டும்.

"இரு... தரப்பும்... மறுத்த... சாமான்... முப்பதாம் நாள்... மாலை நான்கு மணிக்கு... ஏலம் விடப்படும்." நிமிர்ந்தேன். "சார், நீங்க என்னிக்குக் கடைசியா மறுத்து எழுதிக் கொடுத்தீங்க?"

எக்ஸ்ரேக்காரர் விரல் விட்டு எண்ணினார். முப்பதில் நின்றது.

மணி மூன்று இருபது.

*

ஸ்டுடியோக்காரரின் வேனில் ஐந்து பேரும் ஏறினோம். எக்ஸ்ரேக்காரர் என் மடியில் உட்காராத குறை. வழியில் அக்கா கேட்டார்: "சொன்னதுக்கு மேலயும் போட்டுக் கொடுத்தேன்னீங்களே, என்ன போட்டீங்க?"

"அறையைக் காலி பண்ணும்போது கிடந்த இன்னொரு பெரிய லென்ஸ். எங்கப்பா காலத்துது. எனக்கு ஒரு நாளும் உதவலை. தூக்கி எறியறதுக்குப் பதிலா அதையும் சுத்தி எதிர் மூலையில வச்சேன்."

அக்கா தலையாட்டிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவர் அப்படிப் பார்த்தால் உள்ளே ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம்.

கிடங்கு எனக்குப் பழகிய வாசனை: அட்டை, கோந்து, எலி. ஏல மேடைக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர். முன்வரிசையில் பழைய கேமரா வியாபாரி ஒருவர், கழுத்தில் பூதக்கண்ணாடி. எங்கள் பெட்டி மேடை ஓரத்தில் தலைகீழாக நின்றது. ஓடிப்போய் அதை நிமிர்த்தி வைத்தேன்.

"யாருய்யா அது?" என்றார் கிடங்கு குமாஸ்தா. பிறகு கண்ணைச் சுருக்கினார். "மூட்டையா? இடுப்பு எப்படி இருக்கு?"

"என்னை விட்டுத் தனிக்குடித்தனம் போயிடுச்சு அண்ணே. இந்தப் பெட்டி இவங்களோடது, கொடுத்துடுங்க."

குமாஸ்தா இரண்டு மறுப்புக் கடிதங்களைத் தூக்கிக் காட்டினார். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. "ரெண்டு பேரும் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டாச்சு. மூன்றரைக்குள்ள வந்து ரத்து பண்ணியிருக்கணும். இப்ப மணி மூணு ஐம்பத்தி ரெண்டு. பெட்டி கம்பெனியோடது."

"அப்ப நான் ஏலத்துல எடுக்கறேன்!" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"மறுத்தவங்க ஏலம் கேட்கக் கூடாது. விதி."

"நான்?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"நீங்களும் மறுத்தவர்தானே?"

அப்போதுதான் அக்கா தையலம்மாவின் காதில் ஏதோ சொன்னார். நாலைந்து வார்த்தைதான் இருக்கும். தையலம்மா கைப்பையைத் திறந்து எண்ணினார். ஆயிரத்து நூற்று ஐம்பது.

குமாஸ்தா மணியை அடித்தார். "பெட்டி ஒண்ணு, பிரிக்காதது! கிடங்கு வாடகை அறுநூற்று நாற்பதுல ஆரம்பம்!"

கேமரா வியாபாரி எழுந்து வந்து பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். "போட்டோ பேப்பர்!" என்று உதட்டைச் சுழித்தார். "காலாவதியான காகிதத்தை வச்சு நான் என்ன பொட்டலமா கட்டறது?" போய் உட்கார்ந்துவிட்டார்.

"எழுநூறு" என்றார் தையலம்மா.

"எண்ணூறு!" பின்னாலிருந்து ஒரு குரல். நாற்காலி பழுது பார்க்கிறவராம்; பெட்டிக்குள் ஏதோ பலகை இருக்கிற சத்தம் கேட்டதாம்.

"எண்ணூற்று ஐம்பது."

"ஆயிரம்!"

தையலம்மா கைப்பையைப் பார்த்தார். எக்ஸ்ரேக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டுடியோக்காரர் என் தோளைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கும் போலிருந்தது.

"ஆயிரத்து நூறு" என்றார் தையலம்மா. ஊசியில் நூல் கோக்கிற நிதானம்.

பலகைக்காரர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "பலகை நல்லாயில்லேன்னா?" என்று தனக்குத்தானே முனகிவிட்டு உட்கார்ந்தார்.

மணி அடித்தது. பெட்டி தையலம்மாவுக்கு.

அவர் கழுத்து நாடாவுக்குப் பக்கத்தில் தொங்கிய சின்னக் கத்தரியை எடுத்து, பட்டப்பகலில், எல்லோர் முன்னாலும் ஒட்டுத்தாளை வெட்டினார். மேலாக ஒரு தாள். நான் எடுத்துக் கூட்டிப் படித்தேன். சிவப்பிலும் நீலத்திலும் வரிகள் பின்னிக் கிடந்தன.

"'ஐயா, நீங்கள் ஒரு... விளக்குத் தலை, ஒன்று... என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உம்மைப் போன்ற... பிளாஸ்டிக் தட்டு, மூன்று... இந்தத் தொழிலுக்கே அவமானம். உமது நேர்மை... வெள்ளை உருண்டைக்குள் பத்திரமாக உள்ளது, வீசிவிட வேண்டாம்.'"

பொருள் பட்டியல் மேலேயே திட்டுக் கடிதம்! கிடங்கே சிரித்தது. குமாஸ்தா மணியைக் கீழே போட்டுவிட்டார். எக்ஸ்ரேக்காரர் ஸ்டுடியோக்காரரைப் பார்த்தார். ஸ்டுடியோக்காரர் அவரைப் பார்த்தார். "விளக்குத் தலையாம்!" என்று முதலில் வெடித்தவர் ஸ்டுடியோக்காரர்தான். தொப்பை குலுங்க அவர் சிரித்ததில் எக்ஸ்ரேக்காரரும் சேர்ந்துகொண்டார். "உங்க பேர்ல எழுதினதை இன்னிக்கே அழிச்சுடறேன் சார்." "அதை அழி. மூக்குக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கறேன் தம்பி."

தையலம்மா இதற்கெல்லாம் நிற்கவில்லை. ஒரு மூலையிலிருந்து உருண்டையை எடுத்தார். மேலே சிவப்பில் 'லென்ஸ்'. பிரித்தார். சின்னதாக, பளபளவென்று ஒரு கண். கணவரின் கையில் வைத்தார். எதிர் மூலையில் கை விட்டார். இரண்டாவது உருண்டை பெரியது. பிரித்து, உயர்த்தி, வெளிச்சத்துக்குக் காட்டினார்.

முன்வரிசையில் நாற்காலி ஒன்று சாய்ந்து விழுந்தது.

"அம்மா..." கேமரா வியாபாரி மேடை மேலேயே ஏறிவிட்டார். "அம்மா, அதைக் கொஞ்சம் கொடுங்க. இல்லை, வேண்டாம், கீழே போட்டுடுவேன். நீங்களே பிடிச்சுக்கங்க. ஆறு வருஷமா ஒருத்தர் இதைக் கேட்டு என் உயிரை எடுக்கறார்."

"இதுவா?" என்றார் ஸ்டுடியோக்காரர். "தூக்கி எறிய இருந்தேனே இதை!"

"தூக்கி எறிய வேண்டியது உங்களைத்தான்யா!" என்றார் வியாபாரி. "அம்மா, பன்னிரண்டாயிரம்."

தையலம்மா லென்ஸை மறுபடி தாளில் சுற்ற ஆரம்பித்தார்.

"பதினஞ்சு!"

"உள்ளே காலாவதியான காகிதம்தான் இருக்கு, பொட்டலம் கட்ட எடுத்துட்டுப் போறேன்" என்றார் தையலம்மா.

"பதினெட்டு! அதுக்கு மேலன்னா என் கடையைத்தான் எழுதிக் கொடுக்கணும்."

தையலம்மா வாய்க்குள் ஏதோ கூட்டினார். "பத்தொன்பதாயிரத்து நானூற்று நாற்பது."

"அது என்ன கணக்கு?"

"பதினெட்டாயிரத்து முந்நூற்று நாற்பது, என் மெஷினுக்கு. ஆயிரத்து நூறு, இப்ப உங்க எல்லார் முன்னாடியும் செலவு பண்ணது. ஒரு காசு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

வியாபாரி தலையில் அடித்துக்கொண்டார். "அஞ்சு நிமிஷம் முன்னாடி இந்தப் பெட்டி என் கை எட்டற தூரத்துல இருந்துது!" என்று புலம்பிக்கொண்டே எண்ணி வைத்தார். அந்த நாற்பதைச் சில்லறையாகத்தான் கொடுக்க முடிந்தது.

"காதுல என்னக்கா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது லென்ஸ் அப்பா காலத்துதுன்னார் இல்லையா. முன்வரிசையில ஒரு ஆள் கழுத்துல பூதக்கண்ணாடியோட உட்கார்ந்திருந்தார். 'பெட்டி உன் பேர்ல இருக்கட்டும்'னு மட்டும்தான் சொன்னேன்."

எக்ஸ்ரேக்காரர் சின்ன லென்ஸை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மனைவியிடம் தயங்கித் தயங்கி வந்தார். "அப்ப இந்த என்லார்ஜர்..."

"என்னுது. ஏலத்துல எடுத்தவ நான். குளியலறையில வச்சுப் படம் போட்டுக்கங்க. காலையில ஏழு மணிக்கு எனக்குக் குளிக்க இடம் வேணும்."

"ஆறரைக்கே காலி பண்ணிடறேன்."

*

மெஷின் கடைக்கு வேன் போய் நின்றபோது மணி நான்கு ஐம்பத்து மூன்று. கடைக்காரர் ஷட்டரை இழுத்து மூடப் பாதி வரை கொண்டுவந்திருந்தார். தையலம்மா குனிந்து அதற்கு அடியில் நுழைந்தார். நாங்கள் வெளியே நின்று, கண்ணாடி வழியாகப் பார்த்தோம். எண்ணினார், வைத்தார், ரசீது வாங்கினார். துண்டுத் துணி ஒன்றை மெஷினில் கொடுத்து, மிதித்து, ஓரம் அடித்துப் பார்த்தார். கடகடவென்று ஓடியது. அந்தச் சத்தத்துக்கு நான் தெருவிலேயே ஒரு ஆட்டம் போட்டேன். இடுப்பு பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வெளியே வந்தார். எக்ஸ்ரேக்காரர் வேன் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"நான் உனக்குத் தர வேண்டியது..." என்று ஆரம்பித்தார்.

"பைசல்" என்றார் தையலம்மா.

எக்ஸ்ரேக்காரர் விட்ட பெருமூச்சில் வேன் கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. ஸ்டுடியோக்காரர் இறங்கி வந்து துடைக்க வேண்டியதாயிற்று.